90 சதவீத லாரி

'1966 பென்ஸ் லாரி. ஒரிஜினல் கேபின். கஸ்டம் வேலை 90 சதவீதம் முடிந்தது. மீதியை வாங்குபவர் ரசனைப்படி முடித்துக்கொள்ளலாம். உண்மையான ஆர்வலர்கள் மட்டும் அழைக்கவும்.'

நண்பர் ஒருவர் நமக்குக் காட்டிய விற்பனை அறிவிப்பு இது. வண்டி நிற்கும் இடம், விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. கேட்கும் விலை 6.5 லட்சம் ரூபாய். ஐந்தே வாக்கியங்கள்தாம். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் பாடவேறுபாடு பார்த்துப் பழகிய நமக்கு, எந்த எழுத்தைக் கண்டாலும் சொல்சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் நோய் ஒன்று உண்டு. அப்படிப் பிரித்துப் பார்த்தபோது ஐயம் எழுந்தது. நேரில் போய்ப் பார்த்தபோது, ஆண்டைத் தவிர அந்த அறிவிப்பில் மெய் எதுவும் இல்லை என்பது உறுதியாயிற்று.

இலக்கியம் பேசும் இடத்தில் லாரி எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பழமையைக் காக்கிறோம் என்ற பெயரில் பழமையை அழிப்பதும், அழித்த கையாலேயே 'அசல்' என்று முத்திரை குத்துவதும் ஏடுகளுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல என்பதே நம் விடை. பழைய லாரி ஒன்றை வாங்குவது, பிரிப்பது, வெளிநாட்டுப் படத்தில் பார்த்த வண்டியைப் போல் மாற்றத் தொடங்குவது, பணமோ பொறுமையோ தீர்ந்ததும் பாதியில் நிறுத்துவது, பிறகு அந்தப் பாதியை முழு விலைக்கு விற்க முனைவது என்று ஒரு வழக்கம் கிளம்பியிருக்கிறது. நம் வட்டாரத்தில் மட்டும் இப்படி மூன்று வண்டிகளை நாமே பார்த்துவிட்டோம். மற்ற இரண்டையும் விட்டுவிடுவோம். இந்த ஒன்றே போதும்.

முதலில் 'ஒரிஜினல் கேபின்' என்ற தொடர். 1954-இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் பதினைந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பிலிருந்த மூன்றுமுனை நட்சத்திரம் போய்விட்டது. ஊர் மட்டும் அதன்பிறகும் நெடுங்காலம் அந்த வண்டியைப் 'பென்ஸ்' என்றே அழைத்தது. அதே காலத்தில் சென்னை எண்ணூரிலிருந்து அசோக் லேலண்டின் காமெட் வந்தது. பம்பாய்க் குர்லாவிலிருந்து பிரிமியர் நிறுவனத்தின் டாட்ஜும் பார்கோவும் வந்தன. இவற்றுள் எதை வாங்கினாலும் பெரும்பாலும் ஆலையிலிருந்து வந்து சேர்ந்தது முழு லாரி அன்று. சேஸிஸ், எஞ்சின், சக்கரங்கள், நீண்ட முன்மூக்கு, ஓட்டுநரின் முன்னே நிற்கும் முகப்புத் தகடு. அவ்வளவே. அதற்குப் பின்னால் வெறும் வெளி. கூரையில்லை, கதவில்லை, முதுகுக்குச் சுவரில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலும் புழுதியும் முகத்தில் அறைய, ஓட்டுநர் அதை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிவருவார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நெடுஞ்சாலையில் அடிக்கடி காணக்கிடைத்த காட்சி அது.

வந்த சேஸிஸ் நேரே பட்டறைக்குப் போகும். 'பாடி கட்டுவது' என்று அதற்குப் பெயர். மர ஆசாரி, தகர வேலைக்காரர், கொல்லர், பெயிண்டர் ஆகிய நால்வரும் சேர்ந்து சில வாரங்களில் அதை லாரியாக்குவார்கள். கேபின், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னுள்ள படுக்கைப் பலகை, பின்பக்கத் தட்டு, பக்கவாட்டுப் பலகை, நெற்றியில் ஊர்ப்பெயரும் குலதெய்வத்தின் பெயரும் எல்லாம் பட்டறையில் பிறந்தவை. ஆகவே 1966-ஆம் ஆண்டுப் பென்ஸுக்கு ஜாம்ஷெட்பூர் தந்த கேபின் என்று ஒன்று பெரும்பாலும் இருந்ததே இல்லை. இருந்தது விருதுநகரிலோ சாத்தூரிலோ நாமக்கல்லிலோ ஓர் ஆசாரி கட்டிய கேபின். அந்த வண்டியில் 'ஒரிஜினல்' என்று சொல்லத்தக்க ஏதாவது உண்டென்றால், அது அந்த ஆசாரியின் கைவேலைதான். விற்பவர் அதைத்தான் முதலில் பிடுங்கி எறிந்திருக்கிறார்.

ஒவ்வொரு பாடியும் ஒரு சரக்குக்கான விடை என்பதைக் கரிசல் மண்ணில் பிறந்தவர் எவரும் அறிவர். விருதுபட்டி என்ற சந்தையூர் 1923-இல் விருதுநகர் ஆயிற்று. பருத்தி, வற்றல், மல்லி, எண்ணெய் என்று அது வாங்கி விற்றதெல்லாம் மூட்டையும் பொதியும் டின்னும். அதே 1923-ஐ ஒட்டித்தான், கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக் கட்டும் பட்டாசுப் பெட்டியும் மூட்டையைப் போன்றவை அல்ல; எடை குறைவு, அடைக்கும் இடம் அதிகம், ஈரம் ஆகாது. பக்கப்பலகை உயர வேண்டும், மேலே தார்ப்பாய்க் கொக்கி நெருக்கமாக வேண்டும். ஆர்.ஆர். நகர் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் வண்டிக்கோ பலகை உயரம் தேவையில்லை, தட்டுக்கு வலு வேண்டும். ஒரே சேஸிஸ்தான், ஆனால் வற்றல் லாரி வேறு, பட்டாசு லாரி வேறு, கல் லாரி வேறு. இதை எந்த நிறுவனத்தின் வரைபடமும் சொல்லாது. ஆசாரியின் முழக்கோல் சொல்லும்.

நாம் அந்தக் கொட்டகைக்குப் போனபோது நம் மாணவர் ஒருவரும் அவருடைய தாத்தாவும் உடன் வந்தார்கள். தாத்தா எழுபத்தைந்தைக் கடந்தவர். பதினாறு வயதில் பாடி கட்டும் பட்டறையில் உளி பிடித்தவர். கண் மங்கும்வரை அதை விடாதவர். விற்பவர் இளைஞர், வேற்றூர்க்காரர், மரியாதை தெரிந்தவர். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவரைத் தனிமனிதராக இகழ்வது நம் நோக்கமன்று. அவர் மட்டுமே தவறிழைத்தவரும் அல்லர்.

வண்டி இப்படி நின்றது. முன்மூக்கு இருந்தது, நட்சத்திரம் இல்லை, அதன் ஓட்டைகள் மட்டும் இருந்தன. கேபின் கூரையை ஒரு சாண் அளவுக்கு அறுத்துத் தாழ்த்தி, கம்பியால் தற்காலிகமாகப் பற்றவைத்திருந்தார்கள். எஞ்சின் வேறொரு வண்டியினுடையது. இடத்தில் இறக்கப்பட்டிருந்ததே தவிர எதனோடும் இணைக்கப்படவில்லை. பிரேக் குழாய்கள் இல்லை. மின்கம்பிகள் இல்லை. பின்பக்கத் தட்டு முழுக்க அகற்றப்பட்டு, அமெரிக்கப் பிக்கப் வண்டியின் தொட்டிபோல ஒன்று தகட்டில் தொடங்கப்பட்டு, ஒரு பக்கம் மட்டும் எழுந்து நின்றது. அகலமான புதுச் சக்கரங்கள் நான்கு பளபளவென்று கீழே அடுக்கியிருந்தன. பழைய சக்கரங்கள் எங்கே என்று கேட்டோம். விற்றாயிற்று என்றார்.

"90 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்களே?" என்றோம்.

"பெரிய வேலையெல்லாம் முடிஞ்சுது சார். இனி வயரிங், பிரேக், பெயிண்டு, கொஞ்சம் தகர வேலை. சின்னச் சின்ன வேலைதான்."

திரி செருகாத வெடியை 90 சதவீத வெடி என்று சிவகாசியில் எந்தக் கடைக்காரரும் விற்பதில்லை. பிரேக் இல்லாத லாரியில் எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கு என்று அளந்த கோல் எது? பிரிப்பதற்குச் சில நாள் போதும், சம்மட்டியும் வெட்டும் விளக்கும் போதும். அந்த அழிப்பு வேலையையும் 'முடிந்த வேலை' என்ற கணக்கில் சேர்த்தால்தான் 90 வரும். எஞ்சிய 'சின்னச் சின்ன' வேலைதான் ஆண்டுகளையும் பணத்தையும் தின்னும் என்பதை அவரே தெரிந்துகொண்டதால்தானே விற்கிறார்! தம் சோர்வைப் பிறருக்கு விற்பது தவறன்று. சோர்வை 'உங்கள் ரசனைப்படி முடித்துக்கொள்ளலாம்' என்று விடுதலையாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதுதான் நமக்குச் செரிக்கவில்லை.

இதற்குள் தாத்தா வண்டியைச் சுற்றிவந்து சேஸிஸ் அருகே குந்திவிட்டார். சேஸிஸின் மேல்விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார். குறுக்குச் சட்டங்களை யூ போல்ட்டால் இறுக்கிய இடங்களில் இரும்பு தேய்ந்து தடமாகும். அப்படி மூன்று வகைத் தடங்கள் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்று சற்றே விலகி.

"மூணு தடவ பாடி மாத்திருக்காங்க சார். கடைசியாக் கட்டுனது தீப்பெட்டி அடிக்கக் கட்டுனது. இம்புட்டு நெருக்கமா சட்டம் போட்டிருக்கான் பாருங்க. முந்துனது கனமான சரக்குக்கு." பிறகு விற்பவரைப் பார்த்து, "பழைய பலக எங்க தம்பி?" என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் மழையில் நனைந்து கிடந்தன. பாதிக்குமேல் ஒரு சமையல்காரர் விறகுக்கு எடுத்துப் போய்விட்டாராம். மிச்சத்தில் நெற்றிப்பலகை ஒன்று இருந்தது. மஞ்சள் அடிமேல் சிவப்பு எழுத்து, எழுத்தின் ஓரத்தில் வெள்ளை நிழல். ஒரு முழு ஊர்ப்பெயரும் ஒரு தெய்வத்தின் பாதிப் பெயரும் அதில் படிக்க முடிந்தன. தாத்தா பலகையைப் புரட்டிப் பின்பக்கம் இருந்த பொருத்துவாயைப் பார்த்தார். யார் வேலை என்று தெரிகிறதா என்று மாணவர் கேட்டார். தெரிகிறது என்றார். பெயரைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அறுபதாண்டு வண்டியின் வரலாறு முழுவதும் சேஸிஸின் மேலிருந்த அந்தத் தடங்களிலும் அந்தப் பலகைகளிலும்தான் இருந்தது. எத்தனை முறை கைமாறியது, எந்தச் சரக்கை விட்டு எந்தச் சரக்குக்கு மாறியது, எந்தப் பத்தாண்டில் இந்த வட்டாரம் எதை ஏற்றி எங்கே அனுப்பியது என்பதையெல்லாம் அவற்றிலிருந்து படிக்கத் தெரிந்த மனிதர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். படிக்க வேண்டிய ஏடு அடுப்பில் எரிந்துகொண்டிருக்கிறது. உ.வே.சா. சொன்ன ஏட்டுக் கதைகளைக் கண்ணீர் மல்கப் பாடம் நடத்துகிற நாம், அண்டை வீட்டுக் கொட்டகையில் நடப்பதைக் கண்டுகொள்ளாமல் போகலாமா?

ஏட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். புறநானூற்றை 1894-இல் உ.வே.சா. பதிப்பித்தார். 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. 1924-இல் வெளிவந்த பெருங்கதைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அவருக்கிருந்த புலமைக்கு இரண்டு புறப்பாட்டு எழுதி இட்டு நிரப்புவது அரிய செயலா? அவர் அதைச் செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றார். சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமாகவே அச்சிட்டார். அதனால்தான் எஞ்சியதை நாம் நம்பிப் படிக்கிறோம். முற்றுப்பெறாமை ஒரு குற்றமே அன்று. பெருங்கதை முற்றுப்பெறாத நூல்தான். நூலகத்தில் அது வெட்கப்பட்டு நிற்கவில்லை. கிடைத்த அடிகளையும் அறுத்துவிட்டுத் தம் சொந்த அடிகளைப் பாதி எழுதி, 'அசல் கொங்குவேளிர், 90 சதவீதம் முடிந்தது' என்று ஒருவர் கடைவிரித்தால் அவரை என்னவென்று அழைப்போம்?

இங்கே விற்பவர் தரப்பு வாதம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் அதைச் சொன்னபோது நமக்கு உடனே விடை கிடைக்கவில்லை. "நான் வாங்கலேன்னா இது காயலான்கடைக்குப் போயிருக்கும் சார். கிலோ கணக்குல நறுக்கிருப்பாங்க" என்றார். உண்மைதான். பதினைந்தாண்டு கடந்த கனரகச் சரக்கு வண்டிக்குத் தகுதிச்சான்று புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு 12,500 ரூபாயாக உயர்த்தியது. உடைப்பகங்களுக்கென்று 2021-இல் தனி விதிகளும் வந்தன. பழைய லாரியை வைத்துப் பிழைக்க வழியில்லை என்பது வெளிப்படை. இரும்பாக அழிவதைக் காட்டிலும் உருமாறியாவது நிற்கட்டுமே என்பது இரக்கமுள்ள வாதம். ஆனால் இந்தக் கொட்டகையில் நடந்தது என்ன? பழைய எஞ்சின் காயலான்கடைக்குப் போயிற்று. சக்கரங்கள் விற்கப்பட்டன. பலகை விறகாயிற்று. கூரை அறுபட்டது. நட்சத்திரம் எவர் வீட்டு அலமாரியிலோ இருக்கிறது. காயலான்கடை ஒரே நாளில் செய்திருக்கக்கூடியதை இவர் மூன்றாண்டில் தவணை முறையில் செய்திருக்கிறார். காயலான்கடைக்காரர் தம்மை ஆர்வலர் என்று சொல்லிக்கொள்வதில்லை, வேறுபாடு அவ்வளவுதான்.

இனி, 'உண்மையான ஆர்வலர்' 6.5 லட்சம் கொடுத்து இதை வாங்கி, இன்னும் அத்தனை செலவழித்து முடித்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சாலையில் ஓட்ட முடியுமா? அறிவிப்பில் ஆர்.சி. புத்தகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. எஞ்சின் எண் ஒன்று, புத்தகத்தில் உள்ள எண் வேறொன்று, கூரையின் உயரம் வேறு, உருவம் வேறு என்று நிற்கும் இந்த வண்டியை எந்த மோட்டார் வாகன ஆய்வாளர் முன் நிறுத்துவது?

அப்படியானால் 'விண்டேஜ்' என்று பதிவுசெய்யலாமே என்பார்கள். அந்த விதியைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவுமுறை கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பதாண்டு கடந்திருக்க வேண்டும், 20,000 ரூபாய்க் கட்டணம், பத்தாண்டுச் செல்லுபடி, எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் வருவன சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் மட்டும். வணிக வண்டிக்கு இடமில்லை. அதோடு, வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் ஆகியிருக்கக் கூடாது.

இந்த விதியின்மேல் நமக்கு இருக்கும் கோபம் விற்பவர்மேல் இருப்பதைவிடப் பெரிது. ஜமீன்தாரின் கார் ஐம்பதாண்டில் மரபுச்செல்வம் ஆகிவிடும். அந்த ஜமீன் நிலத்துப் பருத்தியைச் சுமந்த லாரி, எத்தனை ஆண்டு கடந்தாலும் கழிவுதான். சவாரிக்கு வரலாறு உண்டு, சுமைக்கு இல்லை என்பதுதானே இதன் பொருள்? பழைய வாகனங்களுக்கான உலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012-இல் இத்தாலியின் டூரினில் உருவாக்கிய சாசனம், பயன்பாட்டு வண்டிகளையும் காக்கத்தக்க மரபென்று பெயர் சொல்லியே சேர்க்கிறது. நம் விதியை எழுதியவர்களுக்கு லாரி நினைவுக்கே வரவில்லை போலும். 'மூல வடிவு' என்ற சொல்லும் அப்படியே. ஆலையிலிருந்து முழுமையாகப் பிறந்த காருக்கு மூல வடிவு உண்டு. பாதி ஜாம்ஷெட்பூரிலும் பாதி சாத்தூரிலும் பிறந்த வண்டிக்கு மூல வடிவு எது? பட்டறையின் ரசீதும் ஆசாரியின் சாட்சியும் சான்றாக ஏற்கப்படுமா? சட்டம் லாரியைக் கழிவு என்று ஒதுக்கியதால்தான் அதைக் கேட்பாரில்லை. கேட்பாரில்லாததால்தான் கூரையை அறுக்கும் துணிவு வருகிறது. பழைய லாரியை உள்ளபடி வைத்திருப்பவருக்கு ஒரு பதிவெண்ணாவது உண்டு என்ற நிலை இருந்திருந்தால், அந்த இளைஞரே ஒருவேளை பலகையைக் கழற்றியிருக்க மாட்டார்.

நம் வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதை நாமே ஒப்புக்கொள்கிறோம். மூன்று பாடி மாறிய வண்டி என்று தாத்தா சொன்னாரே. அப்படியானால் முதல் பாடியை இரண்டாவது அழித்தது, இரண்டாவதை மூன்றாவது அழித்தது. இவர் கட்ட முயன்றது நான்காவது பாடி என்று ஏன் கொள்ளக் கூடாது? திரும்பிவரும் வழியெல்லாம் நம்மை அலைக்கழித்த கேள்வி இது. மாணவர்தான் முதலில் கேட்டார். தாத்தாவிடமே அதைக் கேட்டோம். அவர் சொன்ன விடை நம் விடையைவிடத் துல்லியமானது.

"ஒரு பாடிய நாங்க பிரிச்சா அதுல நல்ல சட்டம் எது, கொக்கி எது, கீல் எதுன்னு பாத்து அடுத்த பாடிக்கு எடுத்துக்கிடுவோம் சார். சும்மா பிரிக்க மாட்டோம். சரக்கு வந்து நிக்கும். வண்டி எறங்குன நாள்ல இருந்து மொதலாளிக்கு நட்டம்லா? கட்டி முடிச்சாத்தான் பட்டறைய விட்டு வெளிய போகும்."

பாடத்தின்மேல் பாடம் எழுதுவது வேறு, பாடத்தைச் சுரண்டிவிட்டு வெறுமனே வைத்திருப்பது வேறு. முன்னதில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு சரக்கின் நெருக்கடியில் பிறந்தது, முடிந்தது, சுமந்தது. பின்னதில் ஒரு கனவு மட்டும் இருந்தது. அதுவும் இந்த மண்ணின் கனவன்று. அமெரிக்காவில் 1947-ஐ ஒட்டி வந்த செவ்ரோலெ பிக்கப், 1948-இல் வந்த ஃபோர்டு எஃப்-1 போன்றவை ஆலையிலிருந்தே கேபினும் தொட்டியுமாக முழுதாக வெளிவந்தவை. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்தவை. எல்லார் வீட்டிலும் நிற்கும் அதே வண்டியை அறுத்து, தாழ்த்தி, தனக்கென ஒன்றாக மாற்ற அங்கே ஓர் இளைஞன் விரும்பியதில் பொருள் இருந்தது. ஒன்றுபோல் இருந்ததை வேறாக்கினான். நம் லாரிகளோ தொடக்கத்திலேயே ஒன்றைப்போல் ஒன்று இல்லாதவை. வேறாக இருந்ததை அழித்து, கடல் கடந்த ஒரு படத்தைப்போல் ஆக்குவதற்கு 'கஸ்டம்' என்று பெயர் வைத்தால், அந்தச் சொல்லே தலைகீழாகிவிடுகிறது. இந்த ஊரில் கஸ்டம் வேலை என்பது மரத்திலும் மஞ்சள் பெயிண்டிலும் அறுபதாண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

முடியாத பொருளை விற்பதற்கு நாம் எதிரியல்லர் என்பதை மீண்டும் சொல்கிறோம். அது நம் ஊரின் கண்ணியமான வணிகம். சிவகாசி அச்சகங்கள் முருகன் படத்தையும் லட்சுமி படத்தையும் அச்சிட்டு, கடைப்பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு மாதிரி காட்டுகின்றன. வாங்குகிறவர் தம் பெயரைச் சேர்த்தால்தான் அது காலண்டர். அந்த வெற்றிடத்தை யாரும் '90 சதவீதம்' என்று சொல்வதில்லை. வெற்றிடம் என்றே சொல்கிறார்கள். டெல்கோவும் சேஸிஸை லாரி என்று விற்கவில்லை. சேஸிஸ் என்றே விற்றது.

அப்படியே இவரும் எழுதியிருக்கலாம். 1966-இல் முதற்பதிவான வண்டி. சேஸிஸ் எண் இது. புத்தகம் நடப்பில் இருக்கிறது அல்லது இல்லை. பழைய எஞ்சின் அகற்றி விற்கப்பட்டது. இப்போதுள்ள எஞ்சின் இன்ன வண்டியினுடையது, அதற்கு அனுமதி பெறவில்லை. கேபின் உள்ளூர்ப் பட்டறை வேலை, கூரை அறுக்கப்பட்டுள்ளது. தீப்பெட்டிச் சரக்குக்காகக் கட்டிய மரப்பாடி பிரிக்கப்பட்டது, சில பலகைகள் எஞ்சியுள்ளன. பிரிப்பதற்குமுன் எடுத்த படங்கள் இத்தனை. பிரேக், மின்கம்பி எதுவும் இல்லை. சாலையில் ஓட்ட இயலாது. இவ்வளவும் எழுத எத்தனை வரி ஆகிவிடும்? விலை குறையும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உண்மையான ஆர்வலர் என்று ஒருவர் எங்கேனும் இருந்தால், இதைப் படித்துத்தான் வருவார். மற்றதைப் படித்து வருபவர் ஏமாறுபவர்.

நம்மைப் போன்ற தமிழாசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கி.ரா. தனியொருவராகத் தொடங்கிக் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கினார். பாடி கட்டும் பட்டறையின் சொற்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அன்று மாலைக்குள் தாத்தாவின் வாயிலிருந்து நாம் குறித்துக்கொண்ட சொற்கள் நாற்பதுக்கு மேல். அவற்றில் பாதிக்கு நமக்குப் பொருள் தெரியவில்லை. மாணவர் தம் முதுகலை ஆய்வேட்டுக்கு வேறு தலைப்பு வைத்திருந்தார். மாற்றிக்கொள்கிறேன் என்கிறார், நெறியாளர் ஒப்ப வேண்டும். நெறியாளர் நாமே என்பதால் அதில் சிக்கல் இராது.

கிளம்பும்போது தாத்தா நெற்றிப்பலகைக்கு விலை கேட்டார். விற்பவர் சிரித்துவிட்டு, "சும்மாவே எடுத்துக்கோங்க தாத்தா, எங்கிட்ட இருந்து என்ன செய்யப் போகுது" என்றார். பேருந்தில் ஏற்ற முடியாது. ஒரு சிற்றுந்துக்காரரிடம் சொல்லி மேலே கட்டிக் கொண்டுவந்தோம். இப்போது அது மாணவர் வீட்டுத் திண்ணையில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. தெய்வத்தின் பாதிப் பெயரை முழுதாக்கிவிடலாமா என்று பேரன் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டாராம்.

சென்ற வாரம் அதே நண்பர் மீண்டும் அந்த அறிவிப்பைக் காட்டினார். வண்டி அதே கொட்டகையில்தான் நிற்கிறது. படமும் பழைய படம்தான், அறுத்த கூரையும் ஒற்றைப் பக்கத் தொட்டியுமாக. வாசகத்தில் மட்டும் ஒரு திருத்தம் இருந்தது. 95 சதவீதம் முடிந்துவிட்டதாம்.